பத்து ரூபாய்ப் பங்குக்கு மேலே வாங்கிய எண்பது ரூபாய்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதிச் சாப்பாட்டில் நான் எழுந்து போனேன். என்ன ஆச்சு என்று கேட்டாய். வயிறு சரியில்லை என்றேன். அது பொய். நீ பேசியதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார முடியாமல்தான் எழுந்தேன். நீ வேலை பார்க்கும் பேங்க் புதிதாகப் பங்கு வெளியிடப் போகிறது, உனக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அரியலூர் பக்கம் சிமெண்ட் கம்பெனிக்கு நிலம் கொடுத்துப் பணம் வாங்கியவர்களைப் பிடித்தால் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்றாய். "உன் பேரச் சொன்னா நம்புவாங்கம்மா. வாடிக்கையாளர் பேரெல்லாம் எழுதி வச்சிருப்பியே, அந்தப் பழைய நோட்டக் கொஞ்சம் குடும்மா" என்றாய். பத்து ரூபாய்ப் பங்கை என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்டேன். நூற்று அறுபது என்றாய். மிச்சம் நூற்றைம்பது எங்கே போகும் என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அது பிரீமியம்மா. ரிசர்வுல போய் உக்காந்துக்கும். சும்மா அக்கவுண்ட்ஸ் சமாச்சாரம். அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

ஒருவர் கேட்டார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை உனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், நான் செய்த காரியம் நம் வீட்டுக்குள் செய்த காரியம் இல்லை. உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். எனக்கும் இதை எழுதுவதில் பெருமை ஒன்றும் இல்லை.

கேட்டவர் பெயர் கலியமூர்த்தி. விக்கிரமங்கலத்துக்காரர். நீ அப்போது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். அவருடைய மானாவாரிக் காடு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் போயிற்று. அதற்குக் கிடைத்த பணத்தின் காசோலையை பாலிதீன் கவரில் சுற்றி, மனைவி அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு, நான் வேலை பார்த்த அரியலூர் கிளைக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே இருவரும் உட்காராமல் நின்றார்கள். "டெபாசிட்ல போடணும்மா. பொண்ணு பள்ளிக்கூடம் முடிச்சதும் பெரம்பலூர்ல நர்சிங் சேக்கணும். மிச்சத்துக்கு செந்துறைப் பக்கம் ஒரு ஏக்கர் தோதா வந்தா புடிச்சிரலாம்னு இருக்கோம்" என்றார். என்ன வேண்டும் என்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அவர் டெபாசிட் போட வந்தார், நான் ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அந்த மாதம்தான் எங்கள் பேங்கும் புதிய பங்கு வெளியிட்டது. ஒவ்வொரு கிளைக்கும் இத்தனை என்று மேலிடம் எழுதி அனுப்பியிருந்தது. தினமும் காலையில் போனில் கிளைவாரியாகப் பெயர் படித்து அவமானப்படுத்துவார்கள். என் மேனேஜர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அந்தக் காசோலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் இருவரையும் உட்கார வைத்தேன், காபி சொன்னேன். பேங்கின் ஆண்டறிக்கையை விரித்து, பேலன்ஸ் ஷீட் இருக்கும் பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். அதில் 'மூலதனம்' என்று ஒரு சின்னத் தொகை இருக்கும். அதற்கு அடுத்த வரியில் 'கையிருப்பும் உபரியும்' என்று பெரிய தொகை ஒன்று இருக்கும். அந்தப் பெரிய தொகையில் விரலை வைத்து, "பாருங்க, எங்க பேங்க் இவ்வளவு சேத்து வச்சிருக்கு. இதுல நீங்களும் ஒரு பங்குதாரர் ஆயிடலாம்" என்றேன். அவர் நான் நீட்டிய பங்கு விண்ணப்பப் படிவத்தை வாங்கி, விரலை நகர்த்தி நகர்த்தி நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"ஏம்மா, பங்கு பத்து ரூவான்னு போட்டிருக்கு. நீங்க தொண்ணூறு ரூவா கேக்குறீங்க. மிச்சம் எம்பது ரூவா எதுக்கு?"

"அது பிரீமியங்க. நல்ல பேங்க்குன்னா பத்து ரூவா பங்கைப் பத்து ரூவாய்க்கே குடுப்பாங்களா? அந்த எம்பது ரூவா பேங்கோட பலம். ரிசர்வுல பத்திரமா இருக்கும்."

"எங்க பேருல இருக்குமா?"

தம்பி, இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்பதுதான் பதில். எனக்கு அது தெரியும். பேங்க் தேர்வுகள் எழுதித் தேறியவள் நான், கணக்குப் பதிவியல் பாடத்தில் இதைத்தான் படித்தேன். நான் "ஆமாங்க" என்றேன். அஞ்சலை காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி ஐயாயிரம் பங்குக்குக் கையெழுத்துப் போட்டார். நாலரை லட்சம் ரூபாய்.

நீ இன்னும் இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கப் போகிறவன். அந்தக் 'கையிருப்பும் உபரியும்' வரியைச் சரியாகத் தெரிந்துகொள். கலியமூர்த்தி கொடுத்த நாலரை லட்சத்தில் ஐம்பதாயிரம் மட்டும்தான் முகமதிப்பு, அதாவது பங்கில் போட்டிருக்கும் பத்து ரூபாய்க் கணக்கு, அது மூலதனத்தில் போகும். மீதி நாலு லட்சம் பங்கு பிரீமியம். அதை 'கையிருப்பும் உபரியும்' என்ற தலைப்பின் கீழே எழுதுவார்கள். அந்தத் தலைப்பைப் படிக்கிறவன், பேங்க் வருடா வருடம் லாபம் சம்பாதித்து மிச்சம் பிடித்த பணம் என்று நினைப்பான். அதில் லாபத்தில் மிச்சம் பிடித்ததும் இருக்கும், பங்கு வாங்கினவர்கள் முகமதிப்புக்கு மேலே கொடுத்ததும் இருக்கும். எது எவ்வளவு என்பது பின்பக்கத்து அட்டவணையில் சின்ன எழுத்தில் இருக்கும். நான் அவருக்குப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டவில்லை. எங்கள் பேங்கின் அந்தப் பெரிய தொகையில் முக்கால்வாசி பிரீமியம். அவருக்கு முன்னால் ஏமாந்தவர்களின் பணத்தைக் காட்டித்தான் நான் அவரிடம் பணம் வாங்கினேன். அடுத்து வந்தவரிடம் அவருடைய பணத்தையும் சேர்த்துக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் என் விரலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த எண்பது ரூபாய் எங்கேயும் பூட்டி வைக்கப்படுவதும் இல்லை. பணம் வந்த அன்றே மற்ற பணத்தோடு கலந்து கடனாக வெளியே போய்விடும். பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது, உரிமையாளர்களான பங்குதாரர்கள் முகமதிப்புக்கு மேல் இவ்வளவு கொடுத்தார்கள் என்ற பதிவு மட்டும்தான். டெபாசிட்டைக் கேட்டு வாங்குகிற மாதிரி போய்க் கேட்டு வாங்க முடியாது. பின்னால் பங்கு சந்தையில் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வரி அசையாது, ஏனென்றால் அங்கே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத்தான் பணம் மாறுகிறது, பேங்குக்கு ஒரு காசும் வராது. கடன் வாங்கினவர்கள் திருப்பிக் கட்டாமல் நஷ்டம் வந்தால் முதலில் அடிபடுவது உரிமையாளர் கொடுத்த இந்தப் பணம்தான். டெபாசிட் போட்டவனுக்கு அதனால்தான் பாதுகாப்பு. பிரீமியம் ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. அது இல்லாமல் பேங்க் நடக்காது. ஆனால் யார் யாருக்குக் காவல் நிற்கிறார்கள் என்று பார். பாதுகாப்பு தேடி டெபாசிட் போட வந்த மனிதனை, லட்சக்கணக்கில் டெபாசிட் வைத்திருந்த எங்கள் மாதிரி ஆட்களுக்குக் காவலாக முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவரிடம் சொல்லாமல் நிறுத்தினேன்.

முதல் வருடம் பங்கு விலை கொஞ்சம் ஏறியது. கலியமூர்த்தி ஒரு பை சின்ன வெங்காயம் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அதை நாம் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு, பேங்க் நாலைந்து பெரிய பார்ட்டிகளுக்கு அள்ளிக் கொடுத்த கடன்கள் ஒவ்வொன்றாக வராக்கடன் ஆயின. நஷ்டம் சேர்ந்துகொண்டே போனது. பேலன்ஸ் ஷீட்டில் அந்த நஷ்டம் அசிங்கமாகத் தெரிகிறது, பங்கு பிரீமியத்தை வைத்து அதைக் கழித்துவிடலாம் என்று இயக்குநர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். இது சட்டத்தில் இடமுள்ள காரியம்தான். முறையாக அனுமதி கேட்டுச் செய்கிற காரியம்தான். பங்குதாரர்கள் கூட்டத்தில் அதை நிறைவேற்ற வேண்டும். ஒவ்வொரு கிளையிலிருந்தும் நம்பிக்கையான பங்குதாரர்களைக் கூட்டி வாருங்கள், கூட்டத்தில் சலசலப்பு வரக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு.

நான் கலியமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். வாசலில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு மைசூர்பாகு, ஒரு மிக்சர் பொட்டலம், ஒரு பேனா. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, துண்டை மடித்துத் தோளில் வைத்து, என் பக்கத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் வேகமாகப் படித்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். முன்வரிசையில் ஊழியர்கள் எல்லோரும் தூக்கினோம். அவர் என் கையைப் பார்த்தார், உடனே தன் கையையும் தூக்கினார். பையிலிருந்த மிக்சரைப் பாதிப் பேர் பிரித்து முடிப்பதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டார்: "எதுக்கும்மா கை தூக்குனோம்?"

"பேங்க் நல்லாருக்கணும்னுதாங்க" என்றேன்.

"நல்லாருக்கட்டும், நல்லாருக்கட்டும்" என்றார். மைசூர்பாகை அஞ்சலைக்கு என்று துண்டில் முடிந்துகொண்டார்.

ஒன்று சரியாகச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்மானம் அவர் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பணம் அதற்கு முன்பே போய்விட்டது. போனதற்கான தடயத்தை மட்டும்தான் அது துடைத்தது. அடுத்த வருட பேலன்ஸ் ஷீட்டில் நஷ்டமும் இல்லை, அவருடைய நாலு லட்சமும் இல்லை, பார்க்கத் துப்புரவாக இருந்தது. அந்தத் துப்புரவைக் காட்டி மறுபடியும் புது ஆட்களிடம் போகச் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் எங்கள் பேங்கை இன்னொரு பேங்கோடு சேர்த்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று முடிந்தது. செந்துறையில் ஏக்கரும் இல்லை. நர்சிங் இரண்டாம் வருடத்துக்குப் பணம் கட்ட வழியில்லாமல் அவர்கள் மகள் தனலட்சுமி படிப்பை விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். பங்கு ஒன்றுமில்லாமல் போன சேதி தெரிந்த வாரம் கலியமூர்த்தியும் அஞ்சலையும் கிளைக்கு வந்தார்கள். கலியமூர்த்தி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைதான் பேசினார். கத்தவில்லை. "ஆம்பள சொல்லியிருந்தா ரெண்டு எடத்துல விசாரிச்சிருப்போம். பொம்பளப்புள்ள சொல்லுதேன்னு நம்புனோம்" என்றார். நான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவது போல உட்கார்ந்திருந்தேன்.

இத்தோடு நிறுத்தினால் நானும் பாவம், ஏமாற்றப்பட்ட ஒரு ஊழியர் என்று நீ நினைத்துக்கொள்வாய். நான் அப்படித்தான் பல வருடம் நினைக்க முயன்றேன். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த வெளியீட்டில் எனக்கும் ஊழியர் ஒதுக்கீட்டில் பங்குகள் கிடைத்தன. அந்தக் கூட்டத்துக்கு ஏழு மாதத்துக்கு முன்பே, ஆண்டறிக்கையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்துகளைப் படித்து, இது தேறாது என்று புரிந்துகொண்டு, நான் என்னுடையதை விற்றுவிட்டேன். பங்குதாரர் கூட்டங்களுக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பத்துப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டேன். அன்று கை தூக்கியது அந்தப் பத்துப் பங்குக்காரி. எல்லோருக்கும் கிடைக்கிற அறிக்கையைப் படித்துத்தான் விற்றேன், சட்டப்படி குற்றமில்லை. விற்றுவிட்டு வந்த அன்று சாயங்காலம் உன் அப்பா, சிமெண்ட் ஆலை எடைமேடையில் வேலை முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டே கேட்டார்: "அந்த விக்கிரமங்கலத்துக்காரருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டியா?" சொல்கிறேன் என்றேன். மறுவாரமும் கேட்டார். "நான் சொல்லி அவரு விக்கப் போயி, அவரு நாலு பேருகிட்ட சொல்ல, என் வேலைக்கே உலை வச்சிரும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பணத்தில்தான் நீ இன்ஜினியரிங் சேர்ந்தாய். முதல் வருடப் பணம் முழுவதும் அதுதான். இதைச் சொல்லி உன்னைக் குற்றவாளி ஆக்கவில்லை. நீ கேட்கவும் இல்லை, உனக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அதே பங்கால் ஒரு வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குள் போனதும் இன்னொரு வீட்டுப் பிள்ளை வெளியே வந்ததும் தற்செயல் என்று என்னால் உன்னிடம் இனிமேலும் நடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து போனவள் உள்ளே படுத்துக்கொண்டே இதையெல்லாம் யோசித்தேன். திங்கட்கிழமை காலை நீ ஜெயங்கொண்டத்தில் நண்பனைப் பார்த்துவிட்டு அப்படியே அரியலூரில் ரயில் ஏறுவதாகச் சொல்லிக் கிளம்பினாய். நோட்டு நான் வைத்த இடத்திலேயே இருந்தது. நீ கேட்டதை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். புதன்கிழமை, இத்தனை வருடம் போகாத விக்கிரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கலியமூர்த்தி ஆட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். அஞ்சலை வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "வாங்க" என்றார். பிறகு சொன்னார்: "முந்தாநேத்து ஒங்க புள்ள வந்திருந்துச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஒங்க புள்ளைன்னு அதுவே சொல்லுச்சு. போன்ல ஒரு போட்டோ காமிச்சுச்சு. எங்க வூட்டுக்காரரு பேரு, வூரு, எல்லாம் ஒங்க கையெழுத்துல இருந்துச்சு. தனலட்சுமி அனுப்புற காச டெபாசிட்ல போட்டு வச்சிருக்கோம்ல, அத எடுத்துப் பங்குல போடச் சொல்லுச்சு. ஒங்கள மாதிரியே நல்லாப் பேசுது."

உள்ளே போய் நீ விட்டுவிட்டு வந்த படிவத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "நாங்க கையெழுத்துப் போடல. புள்ளைகிட்ட குடுத்துருங்க." படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு, கேட்க வந்த மன்னிப்பைக் கேட்டேன். என் பங்குகளை முன்கூட்டியே விற்றதையும் சொன்னேன். அஞ்சலை உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "இத இப்ப எங்கிட்ட சொல்லி என்னாவப் போவுது. இன்னும் கையெழுத்துப் போடாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

உன் மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு, என் மேல் இருக்கிற வெறுப்பிலிருந்து கிளைத்ததுதான். ஆனாலும் வெறுப்பு வெறுப்புதான், அதை இனிப்புத் தடவித் தர எனக்கு மனமில்லை. படுத்திருந்த அம்மாவின் நோட்டைப் படம் பிடித்திருக்கிறாய். உன் பேங்க் நல்ல பேங்காகவே இருக்கலாம். பங்கு விற்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்குகிறவனுக்கு விற்றுக்கொள். விற்கும்போது, இந்தப் பணத்தில் பதினாறில் பதினைந்து பங்கு பிரீமியம், இது டெபாசிட் இல்லை, பேங்க் நஷ்டப்பட்டால் முதலில் இதுதான் போகும், திரும்பக் கேட்க முடியாது என்று தமிழில், உட்காரவைத்துச் சொல். சொன்ன பிறகும் அவர் வாங்கினால் அது அவர் முடிவு. இப்படிச் சொன்னால் இலக்கு முடியாது என்பாய். முடியாதுதான். அதனால்தான் நானும் சொல்லவில்லை.

அந்த நோட்டில் இருப்பவர்களை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். நேற்று செந்துறையில் மூன்று வீடு. இரண்டு வீட்டில், பேங்க்காரத் தம்பி வரட்டும், கேட்டுக்கொள்கிறோம் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் நான் சொன்னதையெல்லாம் நின்றபடி கேட்டார். பத்து ரூபாய் என்ன, மேலே வாங்குவது என்ன, நஷ்டம் வந்தால் எது முதலில் கரையும் என்று எல்லாம் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் போகவில்லை. "இதெல்லாம் சொல்றீங்களே, நீங்க யாரும்மா? கவர்மெண்டா?" என்றார்.

"இல்லைங்க. இத வித்தவ" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, "உக்காந்து, மொதல்லேருந்து இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.